அப்பாவின் பெட்டியருகே நான் எடுத்த வகுப்பு

துக்க வீட்டில் பேச எழுந்தவர் யாரும், பேச நினைத்ததைப் பேசியதில்லை. ஆனாலும் என்னைப் போல வானியல் வகுப்பே எடுத்துவிட்டு உட்கார்ந்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

அப்பா இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டினார். நான் அப்போது வெளிநாட்டில் ஆராய்ச்சி மாணவி. (தோட்டத்தில் அதை 'ரொக்கெட் படிப்பு' என்றார்கள். நானும் மறுக்கவில்லை.) போனில் பேசும்போதெல்லாம், அங்கே என்னதான் செய்கிறாய் என்று அப்பா கேட்பார். அண்டத்தின் தொடக்க காலத்தில் கிளம்பிய ஒளி, நுண்ணலையாக இன்றும் நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது. வழியிலுள்ள விண்மீன் மண்டலங்களும் அதேபோன்ற அலைகளை உமிழ்ந்து படத்தைக் கெடுக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்துக் கழிப்பதே என் வேலை. இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. "லீவுக்கு வந்து சொல்றேன்ப்பா" என்பேன்.

லீவுக்கு முன்னால் மாரடைப்பு வந்துவிட்டது.

நான் வந்து சேர்ந்தபோது எங்கள் லயத்து வீட்டு வாசலில் பெட்டி இருந்தது. தோட்டத் தலைவர் தப்படிப்பவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் மைக்கை நீட்டினார்.

"படிச்ச புள்ள, அப்பாவப் பத்தி ரெண்டு வார்த்த பேசட்டும்."

"அப்பா" என்று ஆரம்பித்தேன். மைக்கில் அழுதுவிடக் கூடாது என்று ஒரு பிடிவாதம் (படித்த பிள்ளையல்லவா). வாயில் தயாராக இருந்தது, அடுத்த வாரக் கருத்தரங்குக்காக மனப்பாடம் செய்திருந்த உரை மட்டுமே. அது தமிழில் தானாகக் கிளம்பிவிட்டது.

வானொலி அலைகளைக் கக்கும் மண்டலங்கள், தூசி நிறைந்த மண்டலங்கள், அலைக்கு அலை அவற்றின் பிரகாசம் மாறுவதை வைத்து அவற்றைப் பிடிக்கும் விதம், எல்லாவற்றையும் கையை ஆட்டி விளக்கினேன். பேச்சை நிறுத்தினால் பெட்டியைப் பார்க்க வேண்டிவரும். அதனால் நிறுத்தவில்லை. அப்பாவின் ஆத்மா போகும் வழியைச் சொல்கிறேன் என்று நினைத்து மாமா கைகூப்பினார். தலைவர் இருமிப் பார்த்தார். தூறல் விழுந்தது, யாரோ பெட்டிக்குக் குடை பிடித்தார்கள். நான் மண்டலக் கூட்டங்களின் நடுவிலுள்ள சூடான வாயுவுக்குப் போய்விட்டிருந்தேன்.

கடைசியில், பழக்கதோஷம், சொல்லியேவிட்டேன்.

"நன்றி. கேள்வி இருந்தா கேளுங்க."

தப்பு மறுபடி முழங்கியது. பெட்டியைத் தூக்கினார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மைக் இன்னும் கையில் இருந்ததால் அது மலையுச்சியிலுள்ள மேல்கணக்கு லயங்கள் வரைக்கும் கேட்டதாம்.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் யாருடைய பேச்சாவது நீண்டால், கல்யாண வீடென்றாலும் சரி, மாமா மகன் "கேள்வி இருந்தா கேளுங்க" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பி ஒன்றையே சொல்வாள்.

"இன்னுங் கொஞ்சம் பேசியிருக்கலாம்டி. அதுவரைக்கும் தூக்காம வச்சிருந்திருப்பாங்க."