சரிசமமான பொன்னாடைகள்

இரட்டைக்கோட்டை என்றொரு நாடு இருந்தது; வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் தலைநகரில் பள்ளிக்கூடம் நான்கு மணிக்கு விடும், சலவை ஆலை ஏழு மணிக்கு விடும். நடுவிலுள்ள மூன்று மணி நேரம் மகள் பொன்னெழிலை எங்கே விடுவது என்பதுதான் ஆலையில் இஸ்திரி போடும் மரகதவல்லியின் கவலை. நான்கு மணிக்கு ஓடிவந்து, அவளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பப் போவாள். மனசு பூட்டிலேயே தொங்கும்.

அரசு இடம் தந்தது. ஊதுபத்தி முதலாளி சிங்காரம் கட்டடம் தந்தார். பள்ளி விட்ட பிள்ளைகள் ஏழு மணிவரை இருக்க ஒரு மாலைக்கூடம்! படிப்பு, விளையாட்டு, சுண்டல். ஒப்பந்தத்தில் ஒரே நிபந்தனை: பங்காளிகள் இருவரும் ஒருவரையொருவர் சரிசமமாகக் கௌரவித்த பிறகே ரிப்பன் வெட்டலாம்.

திறப்பு விழாவில் அமைச்சர் ஒரு பொன்னாடை போர்த்தினார். சிங்காரம் பதிலுக்கு இரண்டு போர்த்தினார். போச்சு. மறுநாள் அமைச்சர் மூன்றோடு வந்தார். ஐந்து மாதம் இப்படியே தினமும் நான்கிலிருந்து ஏழுவரை விழா. சுண்டல் காசு பொன்னாடைக்குப் போனது. கைதட்ட உட்காரவைத்த பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதினால் கைதட்டல் குறைகிறதென்று நோட்டுகளுக்குத் தடை வந்தது.

"உள்ள விட்டாங்களாடி?" என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சுகம்.

"இல்லக்கா, வெளிய வெயில்லதான் உக்காந்து தட்டுதுங்க. கை செவந்து கெடக்கு. ஆனா சுத்தி போலீஸு நிக்குது, புள்ள பத்திரமா இருக்கு."

"அப்ப நல்லதா, கெட்டதா?"

"அதான்க்கா எனக்கும் புரியல."

ஒருநாள் சிங்காரத்துக்குத் தோள்வலி. அவர் போர்த்தியதில் ஒன்று குறைந்தது, கணக்கு சமமாகிவிட்டது. எல்லோரும் திகைத்து நிற்க, ரிப்பன் வெட்டப்பட்டது. திறந்த கூடத்தை மாலையில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் உரிமை முதலாளிக்கு என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் சொன்னது. பிள்ளைகள் நான்கு மணிக்கே தெருவுக்கு வந்தார்கள்.

மரகதவல்லி வேலையைப் போட்டுவிட்டு அமைச்சரிடம் ஓடினாள். "ஐயா, தயவு பண்ணி இன்னொருவாட்டி திறந்து வைங்க!"

அமைச்சர் நெகிழ்ந்துபோனார். "பார்த்தீரா செயலாளரே, மக்களே கேட்கிறார்கள்! ஆனால் அம்மா, திறந்ததைத் திறக்கச் சட்டத்தில் வழியில்லை. முதலில் முறைப்படி மூடுவிழா நடத்த வேண்டும். அதற்கும் அதே நிபந்தனைதான்."

முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"மூடுவிழா எத்தனை மாசம் நடக்குங்கய்யா?"