இரண்டு சிவப்புப் புள்ளிகளுக்குப் பின்னால்

கார் ஓட்டத் தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. அவர்கள் பேசாமல் பஸ் ஏறிவிடுவார்கள். ஓட்டத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் ஆபத்து. ஆறு வருடத்துக்கு முன்னால் வடக்கனந்தலில் அப்படி ஒருத்தி இருந்தாள். நான்தான் அது.

லைசன்ஸ் இருந்தது. (டிரைவிங் ஸ்கூல் காரில் நாலு பேர் ஏறி, ஆளுக்குப் பத்து நிமிஷம் ஓட்டிப் பழகி வாங்கியது.) ஆனால் என் தைரியம் அதிலிருந்து வரவில்லை. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து வந்தது.

அண்ணனின் பழைய லேப்டாப்பில் கனமாக எதைப் போட்டாலும் ஃபேன் அலறும். அலறாமல் ஓடிய ஒரே விளையாட்டு அதுதான். அந்தக் காலத்து வீடியோ கேம் மாதிரி வேண்டுமென்றே செய்திருந்தார்கள். திரை முழுக்கக் கறுப்பு. மரமில்லை, வானமில்லை, வீடில்லை. நாம் ஓட்டுகிற கார்கூடக் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். சாலையை நாம்தான் மனசுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். புள்ளிகள் மேலே ஏறினால் மேடு, ஒரு பக்கம் ஒதுங்கினால் வளைவு. எதிரே இரண்டு மஞ்சள் புள்ளி வந்தால் வண்டி வருகிறது. முன்னால் இரண்டு சிவப்புப் புள்ளி தெரிந்தால் வண்டி போகிறது. மோதினால் சத்தம்கூடக் கிடையாது. திரை ஒரு நொடி அணையும், மறுபடி சாலையில் இருப்போம். விபத்து என்றால் இவ்வளவுதான் என்று என் மூளை எழுதி வைத்துக்கொண்டது.

ஐந்து மாதம் ஆடி ஒரு ரகசியம் கண்டுபிடித்தேன். சிவப்புப் புள்ளிகளுக்குப் பின்னாலேயே போனால் சாலையை விட்டு இறங்கவே மாட்டோம். (போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேருவோமா என்பது வேறு விஷயம். அந்த விளையாட்டில் ஊரே கிடையாது.)

அண்ணனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. முதல் சம்பந்தம் ஜாதகத்தில் தட்டிப்போயிற்று. இரண்டாவது, நாங்கள் நல்ல நேரம் தாண்டிப் போய் இறங்கியதால் போயிற்று. மூன்றாவதாக, சங்கராபுரத்துக்கு அந்தப் பக்கம் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு கரும்பு விவசாயி வீட்டில் அமைந்தது. தை மாதம், வெள்ளிக்கிழமை, பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். “நேரம் மட்டும் தப்பக் கூடாதுங்க” என்று பெண்ணின் அப்பா போனில் மூன்று தடவை சொல்லிவிட்டார். இதுவும் போனால் நான்காவதைத் தேட எங்கள் வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. அண்ணன் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவே இல்லை.

கார் மாமாவுடையது. ஓட்ட வேண்டியவரும் அவர்தான். அந்த வாரம் பார்த்து அவருக்குக் கண்புரை ஆபரேஷன்.

“கள்ளக்குறிச்சியில யாருனா டிரைவரப் புடிக்கலாம்” என்றார் அப்பா.

“எதுக்குப்பா தண்டமா? நான் ஓட்றேன்” என்றேன். (அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.)

ஆறரைக்குக் கிளம்பினோம். வழி தெரிந்த ஒரே ஆளான மாமா, பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு முன்சீட்டில். பின்னால் அப்பா, அம்மா, அண்ணன், மடியில் தட்டுகள். கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும் பனி வந்து சாலையை மொத்தமாக மூடியது. எல்லோரும் சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கோ புல்லரித்தது. மரமில்லை, வானமில்லை, வீடில்லை. ஓரக் கம்பங்களில் ஒட்டியிருந்த, வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லைகள் மட்டும் புள்ளி புள்ளியாக வந்தன. படித்த பாடமே பரீட்சையில் வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் முன்னால் இரண்டு சிவப்புப் புள்ளிகள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது திரும்பினால் திரும்பினேன், அது ஊர்ந்தால் ஊர்ந்தேன்.

“இன்னா பதமா ஓட்றா பாரு எம்பொண்ணு” என்றாள் அம்மா.

அண்ணன் போனில் மேப் போட்டான். “அத மூடுண்ணா, வெளிச்சம் கண்ணுல அடிக்குது” என்றேன்.

“சங்கராபுரத்துல எடது பக்கம் திரும்பணும். வந்தா சொல்லு” என்றார் மாமா. சங்கராபுரம் புள்ளியாகத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். காருக்குள் தித்திப்பாக ஒரு வாசனை வந்தது. “சம்பந்தி வூட்ல பாயசம் காய்ச்சறாங்க போல” என்று அம்மா சந்தோஷப்பட்டாள். சிவப்புப் புள்ளிகள் நின்றன. நானும் நின்றேன். பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு மாமாவிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனது.

“டோல்கேட்டு சீட்டு. பத்தரமா வெச்சிக்க” என்றார் மாமா. சங்கராபுரத்துக்கு எப்போது டோல்கேட் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எட்டரைக்கு மேல் பனி விலகியது. முதலில் ஒரு டயர் தெரிந்தது. அதற்கு மேல் கரும்பு, அதற்கும் மேல் கரும்பு. நான் நம்பி வந்த இரண்டு புள்ளிகளும் ஒரு டிராக்டர் டிரெய்லரின் முதுகில் ஒட்டிய சிவப்பு வில்லைகள். எங்களுக்குப் பின்னால் இன்னொரு கரும்பு டிராக்டர், இடது பக்கம் மாட்டு வண்டி, வலது பக்கம் சுவர். நேரே புகைபோக்கி. சங்கராபுரத்தையெல்லாம் தாண்டி மூங்கில்துறைப்பட்டில், சர்க்கரை ஆலை வாசலில், டோக்கன் வாங்கிக்கொண்டு முறைப்படி வரிசையில் நின்றிருந்தோம்.

பின்வண்டி டிரைவர் இறங்கி வந்து எங்கள் காரைச் சுற்றிப் பார்த்தார். “கரும்பு எங்கம்மா?”

“கரும்பு இல்லீங்க. நிச்சயத்துக்குப் போய்க்கினு இருக்கோம்.”

“இதுலயா? இந்த வரிசை நகர சாயங்காலம் ஆவும்மா.”

திரை அணைந்து மறுபடி சாலைக்கு வந்துவிடுவோம் என்று கண்ணை மூடிப் பார்த்தேன். திறந்தபோது பக்கத்து வண்டி மாடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. “யாரு இவளுக்கு வண்டியக் குடுத்தது?” என்றாள் அம்மா. அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் வாட்சைப் பார்த்துவிட்டு மடியிலிருந்த தட்டைப் பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா போனை வாங்கி, நாங்கள் நிற்கும் இடத்தைச் சம்பந்தியிடம் சொன்னார். “அங்கயே இருங்க” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

பத்து மணிக்குக் கொஞ்சம் மேலே ஒரு மோட்டார் பைக் வரிசைக்குள் நுழைந்து வந்தது. பெண்ணின் அப்பா, பின்சீட்டில் பெண்ணின் அம்மா, கையில் துணி சுற்றிய தாம்பூலத் தட்டு. அவர் இறங்கி எங்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மாமா கையிலிருந்த சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

“மூணு நாளா டோக்கனுக்கு நடையா நடந்துகினு இருக்கங்க. என் கரும்பு காட்லயே காயுது. கரும்பே இல்லாம உங்களுக்கு எப்படிங்க குடுத்தாங்க?”

கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். “நேரம் இன்னும் இருக்குது. எங்க மாத்துனா இன்னா?”

பத்து இருபதுக்கு, கார் பானெட்டின் மேல் தட்டு மாற்றினார்கள். டிராக்டர்காரர்கள் சாட்சி, வெற்றிலை பாக்கும் அவர்களுக்கே. பின்வண்டி டிரைவர் தன் லோடிலிருந்து இரண்டு கரும்பை உருவி, காரின் முன்னால் கட்டிவிட்டார். அண்ணன் அந்த வாரத்தில் முதல் தடவையாகப் பசிக்கிறது என்றான்.

அந்த டோக்கன் இப்போது கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில், பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. அண்ணன் மகளுக்கு நாலு வயது. போன வாரம் பழைய லேப்டாப்பில் அந்த விளையாட்டைப் போட்டுக் காட்டினேன். புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அத்த, இதுல கார் எங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்: “ஆலையில நிக்குதுடி. வரிசை இன்னும் நகரல.”