ஹவில்தார் மனைவி இல்லங்கா

ஒருவருக்குப் பேர் வைக்கப் பெற்றவர்களுக்கு உரிமை உண்டு, சபைக்கு உரிமை உண்டு. எனக்கு மட்டும் பட்டாளமும் சேர்ந்து ஒரு பேர் வைத்தது. அதை நான் தெரிந்துகொண்ட அன்றைக்கு ஒரு மண்டபமே வேடிக்கை பார்த்தது.

என் ஞானஸ்நானப் பேர் ராஜகிருபை. நான் படித்த படிப்பும் அதுதான். அந்த ஐந்து எழுத்தை எங்கே கேட்டாலும் எழுதுவேன். ஆறாவது எழுத்து வேண்டுமென்றால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும். (இதுவும் நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுவது. அவள் சிரித்த இடத்தில் எழுத்து கோணியிருந்தால் நான் பொறுப்பில்லை.) ஆனாலும் பந்தல்குடிப் பக்கத்து எங்கள் ஊரில் என் வயதுப் பெண்களில் கைநாட்டு வைக்காதவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிரில்தான் நடப்பேன்.

எண்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தார். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. விதைத்த கொத்தமல்லி முளைத்ததோடு நின்றது. பென்ஷனை மட்டும் நம்பி ஐந்து வயிறு கழுவ முடியாது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், பட்டாளத்தார் சம்சாரங்களுக்கு அரசாங்கம் தையல் மிஷின் கொடுக்கப்போகிறது என்றார்கள். அவர் பேரும் பட்டாள நம்பரும் எழுதிப் போட்டோம். வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லித் தகவலும் வந்தது.

எனக்குத் தையல் தெரியும். வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் தெரியாது. கிறிஸ்மஸுக்குச் சபைப் பிள்ளைகள் எல்லோருக்கும் கவுன் நான்தான் தைப்பேன் என்று சொல்லி, வீடு வீடாகத் துணியும் கூலியில் பாதியும் வாங்கிவிட்டேன். கூலி அரிசியாகி, சோறாகி, தீர்ந்தும் போயிற்று. துணி மூட்டை மட்டும் மூலையில் மலைபோல் இருந்தது.

நாத்தனார் அன்னம் மூட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"துணியெல்லாம் இருக்கு மதினி. மிஷினு எங்க?"

"கவர்மெண்டு கொண்டு வருது."

"வரலன்னா?"

"வராம எங்க போகும்? பட்டாளத்துக்காரர் பொண்டாட்டிக்கு இல்லாம ஒனக்கா குடுப்பாக?"

மிஷின் கொடுக்கிற நாளில், அவர் வடக்கேயிருந்து வாங்கி வந்த ரோஸ் நிறக் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு புறப்பட்டேன். (எங்கள் பக்கத்து வெயிலில் கம்பளி. பஸ்ஸில் கண்டக்டர், "காய்ச்சலாம்மா?" என்று கேட்டார்.) மண்டபத்தில் பெண்களுக்கு மட்டும் நாற்காலி. ஆண்கள் வெளியே வேப்ப மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் முதல் வரிசையில் வேர்த்து வடிந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பெரிய மீசை வைத்த ஒரு மேஜர் ஐயா மைக்கில் பேர் வாசித்தார்.

"ஹவில்தார் ஞானமுத்து மனைவி..."

(புருஷன் பேரைச் சொன்னது மைக். நான் சொல்வதில்லை.) பாதி எழுந்துவிட்டேன்.

"...இல்லங்கா."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இல்லங்கா. எந்த ஊர்ப் பேர் இது? மலைநாட்டுக்காரியா, வங்காளத்துக்காரியா? சந்தையில் நல்ல தக்காளி பார்த்து வாங்கத் தெரியாத மனிதர், இத்தனை நல்ல ரோஸ் நிறத்தில் சால்வை எடுத்து வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? இது அவள் எடுத்துக் கொடுத்த நிறம். கம்பளி உடம்பெல்லாம் குத்த ஆரம்பித்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பெண், "ஞானமுத்து சம்சாரம் இந்தா இருக்காகல்ல?" என்று என்னைக் கைகாட்டினாள்.

மேஜர் ஐயா கேட்டார். "நீங்க இல்லங்காவா?"

"இல்லங்க."

"அதான், வாங்க. வந்து வாங்கிக்கங்க."

"அய்யா, நான் இல்லங்க."

"தெரியுதும்மா. கூச்சப்படாம வாங்க."

மண்டபம் சிரித்தது. விறுவிறுவென்று வெளியே போய், சால்வையை உருவி என் வீட்டுக்காரர் மேல் எறிந்தேன். டீ கிளாஸ் உருண்டது.

"யாரு அந்த இல்லங்கா? அவளுக்கு எத்தன பிள்ள?"

"எவளுக்கு?"

"ஒங்க சம்சாரத்துக்கு. மைக்குல கூப்புடுறாக. போய்க் கூட்டிட்டு வாங்க, நானும் பாக்குறேன்."

கூட இருந்த பட்டாளத்தார் எல்லோரும் வேப்ப மரத்தில் புதிதாக ஏதோ காய்த்ததுபோல் அண்ணாந்து பார்த்தார்கள். சீனாக்காரனுக்குப் பயப்படாத ஆட்கள்.

சத்தம் கேட்டு மேஜர் ஐயா எங்கள் இருவரையும் மேடைக்கு அழைத்தார். இவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். சட்டையெல்லாம் டீ.

"கல்யாணம் ஆனதும் பட்டாளத்துல பதிஞ்சீங்களே, எழுதினவர் என்ன கேட்டார்?"

விறைப்பு குறையாமலே இவர் சொன்னார்.

"வடக்கத்தி ஆளுங்கய்யா. அப்ப எனக்கு இந்தி வராது. லீவு முடிஞ்சு ரயிலைவிட்டு எறங்கி நேரே போனேன். என்னைப் பாத்ததும், 'பட்னி'ன்னு ஏதோ கேட்டாருங்க. நான் சாப்பிட்டுத்தான் போயிருந்தேன். பட்னியெல்லாம் இல்லங்கன்னேன். மறுபடியும் 'பட்னி, பட்னி'ன்னாரு. இல்லங்க, இல்லங்கன்னேன். எழுதிக்கிட்டாரு. பெத்த தாய் மாதிரி வயித்தப் பாத்துக் கேக்குறாரேன்னு கும்பிட்டு வந்தேன்."

மேஜர் ஐயா மீசையைக் கையால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"ஞானமுத்து, பத்னின்னா இந்தியில பொண்டாட்டி. அவர் உங்க சம்சாரம் பேரைக் கேட்டிருக்கார்."

"அதுக்கப்புறம் இந்தி படிச்சீகளே, பதிவ ஒரு தடவ வாசிச்சுப் பாத்துருக்கக் கூடாதா?" என்றேன் நான்.

"பேப்பரெல்லாம் இங்கிலீசுல இருந்துச்சு புள்ள."

சிரிப்பு அடங்கியதும் சிக்கல் வந்தது. பதிவில் இருப்பது இல்லங்கா. நான் போடத் தெரிந்த கையெழுத்து ராஜகிருபை. பேர் திருத்தி வர மாசக்கணக்காகும். கிறிஸ்மஸ் அதற்காகக் காத்திருக்காது. மூலையில் துணிமூட்டை இருக்கிறது, வாசலில் அன்னம் இருப்பாள்.

"ஞானமுத்துவுக்குச் சம்சாரம் இவங்க ஒருத்திதான். நான் எழுதித் தர்றேன்" என்று மேஜர் ஐயா சொல்லிவிட்டு, மைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். "கைநாட்டு வைங்கம்மா. ரேகைக்குப் பேர் கிடையாது. எந்தப் பேருக்குப் பக்கத்துல வச்சாலும் அது நீங்கதான்."

ஊரில் நான் அடித்த பெருமை முழுவதும் அந்த மையில் கிடந்தது. பெருவிரலை முக்கி அழுத்தினேன். நான் அழுதேன் என்று இவர் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். அது கம்பளி வேர்வை.

பஸ்ஸின் மேலே மிஷின், உள்ளே நாங்கள். பெருவிரலைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டுதான் ஊரில் இறங்கினேன். சோறு போடும்போது அன்னம் கண்டுபிடித்துவிட்டாள். கவுன்கள் மட்டும் கிறிஸ்மஸ் காலையில் சபைக்கு வந்து சேர்ந்தன. ஒன்றிரண்டில் கைகள் வேறு வேறு நீளம் என்பார்கள். அது பொறாமை.

பேரைத் திருத்த இரண்டு வருஷம் அலைந்தோம். கடைசியில் வந்த பதில்: 'ராஜகிருபை என்கிற இல்லங்கா.' திருத்தம் இல்லை, சேர்மானம்.

அதன்பின் எங்களுக்குள் சண்டை வந்து இவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டால், நான் அடுப்படியிலிருந்தே கேட்பேன். "பட்னியாவா கெடக்கப் போறீக?"

"இல்லங்கா" என்று குரல் வரும். பதில் சொல்கிறாரா, என்னைக் கூப்பிடுகிறாரா என்று சொல்ல முடியாது. தட்டு வைத்துவிடுவேன்.

இப்போது அவர் இல்லை. அவர் பென்ஷனில் எனக்குப் பங்கு வருகிறது. நான் உயிரோடு இருப்பதைக் காட்ட வருஷா வருஷம் பென்ஷன் ஆபீசுக்குப் போகிறேன். மகள் கூட வருவாள், சிரிப்பதற்காகவே. ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்கள்.

"இல்லங்கா இருக்காங்களா?"

"இருக்கேன்யா" என்பேன்.