பன்னிரண்டு புட்டிகளும் வேலப்பர் தோட்டமும்

2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். 5.25-க்குக் காபி. 5.40-க்கு முந்தைய நாள் குறிப்பைச் சரிபார்த்து ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். 7.15-க்குக் கணவருக்கும் மகளுக்கும் இட்லி (தலைக்கு நான்கு). 9.05-க்குப் பல்கலைக்கழக ஆய்வகம். இவ்வளவு ஒழுங்கான ஒருத்தியிடம் பெரிய முட்டாள்தனம் எங்கே ஒளிந்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். அந்த ஒழுங்குக்குள்ளேயேதான் ஒளிந்திருந்தது.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. பள்ளி வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஆறாவது ஆண்டு. பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறையின் மலைப்பூண்டை நாட்டு மருந்துக்கென்று தேடி வாங்குவார்கள். சந்தையில் சமவெளிப் பூண்டும் அதே பெயரில் விலைபோகும். இரண்டையும் உயிர்வேதியியலாலும் மரபணுவாலும் பிரித்துக் காட்டுவதே என் ஆய்வு. அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு ஆய்வுக் குழு கூடுகிறது. இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இந்த முறை திருப்தி இல்லையென்றால் பதிவு ரத்து என்று கடிதமே வந்திருந்தது. மதுரையிலிருந்து வரும் நிபுணருக்கு ஒரு பழக்கம் வேறு உண்டு: ஏதாவது ஒரு மாதிரியைக் கையில் எடுத்து ஆட்டி, "இது எது?" என்பார்.

என்னிடம் பன்னிரண்டு கண்ணாடிப் புட்டிகள் இருந்தன. ஆறில் மலைப்பூண்டு, ஆறில் சமவெளிப் பூண்டு, ஒவ்வொன்றிலும் தோலோடு மூன்று பல். வெளியே அழியாத மைப் பேனாவால் முத்து முத்தாக எண் எழுதியிருந்தேன். நிபுணர் கண்ணில் தூசு படக்கூடாதே என்று, 9.40-க்கு எல்லாவற்றையும் ஒரே தட்டில் குவித்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். ஸ்பிரிட் அந்த மையைக் கரைத்துவிடும் என்பது முதலாமாண்டு மாணவிக்கும் தெரியும். (அந்த மாணவிகளுக்குச் செய்முறை வகுப்பு எடுத்தது நான்தான்.) பன்னிரண்டாவதையும் துடைத்து, என்ன சுத்தம் என்று ரசித்த பிறகுதான் பஞ்சு நீலமாக இருப்பதைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் என் நெறியாளர் உள்ளே வந்தார்.

"என்னம்மா இது?"

"புட்டி, மேடம்."

"அது தெரியுது. எது எது?"

"அதுதான் தெரியல, மேடம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு அவர் கேக்கும்போதும் இதையே சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். (பதினோரு நிமிடம்.)

ஆய்வக உதவியாளர் செல்வி விளக்குமாற்றோடு வந்தார். பூம்பாறைக்காரர், வீட்டில் பூண்டுதான் விவசாயம், தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர்.

"என்ன டீச்சர், எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

சொன்னேன்.

"இதுக்கா இந்த அழுகை? தள்ளுங்க. வெரசா முடிச்சிருவோம், எனக்கு வராண்டா கூட்டுற சோலி கெடக்கு."

ஒவ்வொரு புட்டியிலிருந்தும் ஒரு பல்லை எடுத்து, நகத்தால் கீறி, முகர்ந்து, திரும்பப் போட்டு, புட்டியை இடப்பக்கமோ வலப்பக்கமோ வைத்தார். ஒரு பல்லைக் கடிக்கப் போனபோது, "ஆய்வகத்துல எதையும் வாயில வைக்கக் கூடாது!" என்று அலறினேன்.

"சரி, மூக்குல வைக்கலாம்ல?"

ஏழு நிமிடத்தில் முடிந்தது. இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஏழு.

"செல்வி, ஆறு ஆறா வரணும்."

"வரணும்னா? நீங்க சொன்னபடியா பூண்டு மொளைக்கும்? அஞ்சுதான் எங்க ஊரு. மத்ததெல்லாம் பஜார் பூண்டு."

மூக்கை ஆதாரமாகக் காட்டி முனைவர் பட்டம் கேட்க முடியாதே என்று மறுபடி அழ ஆயத்தமானபோதுதான் நினைவு வந்தது: ஒவ்வொரு புட்டியையும் மூடியோடு எடைபோட்டு, தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம்வரை நாட்குறிப்பில் எழுதியிருந்தேன். எதற்கு எழுதினேன் என்று எனக்கே தெரியாது. "பூண்டுக்கு ஜாதகமா எழுதுறீங்க?" என்று நெறியாளர் சிரித்த பக்கம் அது. எடைத் தராசை இயக்கினேன். 11.20-க்குள் பன்னிரண்டுக்கும் எண் திரும்பக் கிடைத்தது.

செல்வி பிரித்ததில் பதினொன்று அப்படியே சரி. நான்காம் எண் மட்டும் உதைத்தது. என் குறிப்பில் அது பூம்பாறை.

"பரவாயில்ல செல்வி, ஒண்ணுதான் தப்பு" என்றேன் பெருந்தன்மையாக.

அவர் இடுப்பில் கைவைத்தார். "தப்பு எங்கிட்ட இல்ல. அது யாரு தோட்டமாம்?"

எனக்குக் காய்ச்சலாக இருந்த ஒரு ஞாயிறன்று என் கணவர் பூம்பாறைக்குப் போய் வாங்கி வந்த மாதிரி அது. நான் தயாரித்த பதினான்கு கட்டப் படிவத்தில் ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தார். கர்வத்தோடு உரக்கப் படித்தேன்: "விவசாயி பெயர்: வேலப்பர். முகவரி: கோயில் அருகில், பூம்பாறை."

செல்வி விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். "அது எங்க சாமி பேரு டீச்சர்! குழந்தை வேலப்பரு! கோயிலுக்குப் பக்கத்துல இல்ல, உள்ளயே இருக்காரு. அவரு எப்ப பூண்டு போட்டாரு?"

பூண்டின் காரத்தை நிறத்தால் காட்டும் சோதனை ஒன்று உண்டு. காரம் கூடக்கூட மஞ்சள் அடர்ந்து பழுப்பாகும். உடனே செய்தேன். செல்வி சொன்ன ஐந்தும் பழுப்பேறின. நான்காம் எண், சமவெளிப் பூண்டுகளைப் போலவே வெளிறி நின்றது.

இரண்டு மணி. நிபுணர் ஒரு புட்டியை எடுத்து ஆட்டினார். "இது எது?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மை, ஸ்பிரிட், மூக்கு, எடை, சாமி உட்பட. நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த அம்மாவைக் கூப்பிடுங்க" என்றார் நிபுணர். நான் புதிதாக ஒட்டியிருந்த எண்களைத் தாளால் மறைத்து, புட்டிகளை அவரே கலைத்து வைத்தார். செல்வி மறுபடி முகர்ந்தார். அதே ஐந்து, அதே ஏழு.

நிபுணர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஆறு வருஷத்துல நீங்க செஞ்ச உருப்படியான சோதனை இதுதாம்மா. பேரு தெரியாம இவங்க பிரிச்சாங்க, உங்க எடைக்குறிப்பு சரிபார்த்துச்சு, ரசாயனம் உங்க வீட்டுக்காரரையே புடிச்சிருச்சு. தனி அத்தியாயமா எழுதுங்க."

ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. பின்னால் செய்த மரபணுச் சோதனையும் செல்வி பக்கமே நின்றது. பட்டம் வாங்கினேன்; ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயர் செல்வி. (இரண்டாவதாகப் பெயர் வந்த நெறியாளருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.)

குழு கூடிய அன்று மாலை கணவருக்குக் காபி கொடுத்துவிட்டு, "என்னங்க, வேலப்பர் சௌக்கியமா?" என்றேன். டம்ளர் பாதி வழியில் நின்றது.

"பஸ் போயிருச்சு புள்ள. மழை வேற. பஜார் பூண்டும் பாக்க லட்சணமா இருந்துச்சு."

"அப்ப பேரு, கடல்மட்ட உயரம் எல்லாம்?"

"நீதானே எந்தக் கட்டத்தையும் காலியா விடக்கூடாதுன்ன!"

இன்றுவரை அவர் பையோடு வீட்டுக்குள் நுழைந்தால், அது தக்காளியோ மீனோ, மகள் கேட்கும் முதல் கேள்வி: "அப்பா, விவசாயி பேரு என்ன?"

பிப்ரவரி 13, புதன்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். முதல் வேலையாகக் கணவரை எழுப்பி, ஸ்வெட்டர் மாட்டி, 'விவசாயியின் கையெழுத்து' என்ற பதினைந்தாவது கட்டம் சேர்த்த படிவத்தைக் கையில் கொடுத்து, பூம்பாறைக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏற்றி உட்காரவைத்தேன். பஸ் வளைவு திரும்பும்வரை அங்கேயே நின்றேன்.