இன்னும் ஒரு லென்ஸ்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. கதை என்றால் சிங்கம் வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. நம் மேற்கு மலைக் காட்டில் சிங்கமும் கிடையாது, ராஜாவும் கிடையாது. ஒரு சிறுத்தை உண்டு. பசித்தால் வரும், கிடைத்ததைத் தின்னும், போய்விடும். அதற்குப் பேசவும் தெரியும். ஆனால் இந்தக் கதைக்கு முன்னால் அதோடு பேசியவர்கள் யாரும் பிறகு வேறு யாரோடும் பேசியதில்லை.

அந்தக் காட்டில் காவல் ஏற்பாடு ரொம்பச் சாதாரணமானது. மரத்து உச்சியில் கருமந்திகள் உட்கார்ந்திருக்கும். சிறுத்தையின் வால் நுனி தெரிந்தாலே தொண்டை கிழியக் கத்தும். கீழே மேய்கிற மிளா மான்கள் ஏன், எதற்கு என்று கேட்காமல் ஓடும். மான்களுக்கு முதலில் வாடை அடித்தால் அவை குரல் கொடுக்கும், கருமந்திகள் இன்னும் ஒரு கிளை மேலே ஏறிக்கொள்ளும். இதற்கு மீட்டிங் கிடையாது, தலைவர் கிடையாது. அதனாலேயே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் திருட்டு வேட்டைக்கு ஒருவன் வந்தான். ஒற்றை யானை அவனைத் துரத்தியது. தோட்டாப் பையை மட்டும் அணைத்துக்கொண்டு ஓடிவிட்டான். துப்பாக்கி பாறை மேலேயே கிடந்தது. சீக்கிரமே குழலுக்குள் குளவி குடிவந்தது. ஆனால் தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்ட மேலே பொருத்தியிருந்த ஸ்கோப்புக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கருமந்திகளில் ஆவுடையப்பன் என்று ஒருவர். பிறப்பால் குரங்கு, ஆனால் மரம் ஏறுவதில் பெரிய ஈடுபாடு இல்லாதவர். அவர்தான் முதலில் அந்த ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். பள்ளத்தாக்குக்கு எதிரே இருக்கும் மலை நாலு மடங்கு கிட்டே வந்து நின்றது. அன்று சாயங்காலமே அவர் காவல் கமிட்டித் தலைவர் ஆகிவிட்டார். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவரே வந்து அறிவித்தார்.

"இனிமே மரத்துல உக்காந்து கண்ணைச் சுருக்கிட்டுப் பாக்குற வேலையெல்லாம் வேண்டாம். சிறுத்தை எதிர்மலையில கிளம்பும்போதே இங்க தெரிஞ்சிரும்" என்றார்.

எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நாலு மடங்கு எவ்வளவு நாளைக்குப் போதும்? போனவாரம் வரை வெறும் கண்ணால் பார்த்தவர்களே, "எதிர்மலையில ஒரு புள்ளி அசையுது, அது சிறுத்தையா புதரா தெரியலையே" என்று குறைப்பட ஆரம்பித்தார்கள். ஆவுடையப்பன் கீரியைக் கூப்பிட்டு அனுப்பினார். கீரியின் பெயர் சங்கரபாண்டி. அடிவாரத்து ஊரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்குக் கீழே பொந்தில் குடியிருந்தவன். அந்த அனுபவத்தை வைத்துக் காட்டில் ஒரு ரிப்பேர் கடை போட்டிருந்தான். சுற்றுலா வந்தவர்கள் தொலைத்துவிட்டுப் போன பைனாகுலர், கேமரா, மூக்குக்கண்ணாடி எல்லாம் அவன் பொந்தில் பிரித்துப் போட்டபடி கிடக்கும்.

சங்கரபாண்டி ஸ்கோப்பைச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்தான். பைனாகுலரில் பாதியை எடுத்து, கண் வைக்கிற பக்கம் சொருகி, டேப் சுற்றினான். "எட்டு மடங்கு" என்றான்.

எட்டு மடங்காகத்தான் தெரிந்தது. கூடவே கொஞ்சம் இருட்டாகவும் தெரிந்தது.

"லென்ஸ் கூடுனா வெளிச்சம் கொறையும் தலைவரே. நல்லா வெயில் அடிக்கும்போது பாருங்க" என்றான் சங்கரபாண்டி.

"சிறுத்தை அந்தி நேரத்துலதானப்பா வரும்?"

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? சிறுத்தைக்குத்தான் சொல்லணும்."

அடுத்து ஒரு கேமரா லென்ஸ் ஏறியது. படம் இன்னும் பெரிதானது, இன்னும் இருண்டது, ஆடவும் ஆரம்பித்தது. பக்கத்தில் யாராவது தும்மினால் எதிர்மலை முழுக்க நடுங்கியது. ஓர் ஆமையைப் பிடித்து வந்து துப்பாக்கிக்கு அடியில் ஸ்டாண்டாக வைத்தார்கள். மூச்சை மெதுவாக விடச் சொன்னார்கள். ஆமை தன்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லையே என்று யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

இன்னொரு தொந்தரவும் வந்தது. குறி பார்ப்பதற்காக ஸ்கோப்புக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மெல்லிய கோடுகள் உண்டு. பின்னால் லென்ஸ் சேரச் சேர மலையோடு அந்தக் கோடுகளும் பெருத்தன. மயிரிழையாக இருந்தவை இப்போது மரக்கட்டை அளவுக்கு நின்றன. பார்க்க முடிந்த இடமோ ஒரு சுளகு அகலம்கூட இல்லை.

"சிறுத்தை அந்தக் கோட்டுக்குப் பின்னாடி நின்னா?" என்று ஒரு முயல் கேட்டது.

"கோட்டுக்குப் பின்னாடி பாக்குறதுக்குத் தனி லென்ஸ் இருக்கு" என்றான் சங்கரபாண்டி. அவனிடம் இல்லை என்ற சொல்லே கிடையாது.

படம் ஆடுகிறது என்ற புகார் மட்டும் தீரவில்லை. மரத்தில் கருமந்திகள் கத்தும்போதுதான் ரொம்ப ஆடுகிறது என்று கமிட்டி கண்டுபிடித்தது. உடனே பாறைக்குப் பக்கத்தில் ஒரு பலகை முளைத்தது: 'ஸ்கோப் உபயோகத்தில் இருக்கும்போது யாரும் கத்தக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' இந்தக் காட்டின் மொத்தப் பாதுகாப்பும் அந்தக் கத்தலில்தான் இருந்தது என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

இதிலெல்லாம் வாழ்வா சாவா என்று கிடந்தவள் வடிவு. அவள் ஒரு மிளா மான். போன வருஷம் அவள் ஈன்ற குட்டியைச் சிறுத்தை தூக்கிப் போனது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. இந்த வருஷம் ஒரு குட்டி பிறந்திருந்தது, இன்னும் கால் ஊன்றி ஓடத் தெரியாது. ஓடைக்குப் போய்த் தண்ணீர் குடித்தால்தான் அவளுக்குப் பால் சுரக்கும். ஓடைக்குப் போகலாமா என்று முன்பெல்லாம் மரத்தைப் பார்த்துக் கேட்பாள். இப்போது மரத்தில் யாரும் இல்லை. எல்லோரும் பாறைக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றார்கள். அவளும் குட்டியோடு போய் வரிசையில் நின்றாள்.

நாக்கு வறண்டுபோன பிறகுதான் அவள் முறை வந்தது. கண்ணை வைத்தாள்.

"என்ன தாயி தெரியுது?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"சாம்பலா ஏதோ தெரியுதுங்க. நடுவுல ரெண்டு கட்டை நிக்குது."

"சிறுத்தை தெரியுதா?"

"இல்லைங்க."

"அப்ப சிறுத்தை இல்ல. அடுத்த ஆள் வாங்க."

"அடுத்தது நான்தான்" என்றது பின்னால் ஒரு குரல்.

வடிவுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாடை அவளுக்குத் தெரியும். போன வருஷத்திலிருந்தே தெரியும். குட்டிக்கு ஓடத் தெரியாது, அவளும் ஓடவில்லை. குட்டி அவள் வயிற்றுக்கடியில் ஒண்டியது. ஆவுடையப்பனும் பார்த்துவிட்டார். கத்துவதற்கு வாயைத் திறந்தார். பலகை கண்ணில் பட்டது. தான் போட்ட சட்டத்தைத் தானே மீறுவதா என்று தயங்கி வாயை மூடிக்கொண்டார்.

சிறுத்தை மட்டும் சாவகாசமாக நின்றது. அதன் குரலில் கோபத்தைவிட மனவருத்தம்தான் அதிகம்.

"வாரக் கணக்கா உங்க நடுவுலதான் நடமாடுறேன். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கல. ஓடுறதுமில்ல, ஒரு மரியாதையுமில்ல. கேட்டா என்னைத்தான் தேடுறோம்ங்கிறீங்க. நான் எங்க இருக்கேன்னு நானும் ஒரு தடவை பாத்துக்கிறேனே."

வடிவுக்கு அந்த நேரத்தில் எங்கிருந்துதான் குரல் வந்ததோ. "பாருங்கண்ணே, உங்க முறைதான்" என்று சொல்லி, குட்டியைப் பின்னங்காலால் மறைத்தபடி நகர்ந்து வழி விட்டாள்.

சிறுத்தை ஸ்கோப்பில் கண்ணை வைத்தது. இருட்டிலும் பார்த்துப் பழகிய கண் அது. எதிர்மலை உச்சியில் ஒரு வரையாடு புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஸ்கோப்பில் அதன் தொடை மட்டும்தான் தெரிந்தது. அந்தத் தொடையே ஸ்கோப்பை அடைத்துக்கொண்டு நின்றது.

"அடேயப்பா. இவ்வளவு பெரிய ஆடு அங்க இருக்கா?" என்றது சிறுத்தை.

சங்கரபாண்டிக்குத் தொழில்தான் முக்கியம், எதிரே நிற்பது யார் என்று பார்க்கிற பழக்கம் இல்லை. "இன்னும் ஒரு லென்ஸ் போட்டா இதைவிடப் பெரிசாத் தெரியும் சார்" என்றான்.

"போடு."

யாரோ ஒரு வாத்தியாரின் மூக்குக்கண்ணாடியிலிருந்து கழன்ற வில்லை டேப்போடு ஏறியது. சிறுத்தை மறுபடி பார்த்தது. அதன் வாயிலிருந்து எச்சில் ஒழுகி ஆமையின் முதுகில் விழுந்தது. பிறகு திரும்பிப் பக்கத்தில் நின்ற குட்டியை ஒரு தடவை பார்த்தது. அந்தத் தொடையைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு வாய்க்குக்கூடக் காணாது. "எலும்பும் தோலுமா இதையெல்லாம் யாரு திம்பா" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தாக்கில் இறங்கி எதிர்மலையைப் பார்த்து நடந்தது.

வடிவு குட்டியிடம் குனிந்தாள். குட்டியை நக்கினாள், மறுபடி மறுபடி நக்கினாள். பிறகு ஓடைக்குப் போய் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். இங்கே கமிட்டி கூடி, ஸ்கோப்பின் உதவியால் சிறுத்தை வெற்றிகரமாகக் கண்டறியப்பட்டு வெளியேற்றப்பட்டது என்று தீர்மானம் போட்டது. ஆவுடையப்பனுக்குப் பாராட்டு, ஆமைக்கு ஊக்கச் சொற்கள்.

சிறுத்தை திரும்பி வந்தது, புகாரோடு.

"அங்க போனா ஆடு சின்னதா இருக்கு."

"தின்னீங்களா சார்?" என்று கேட்டான் சங்கரபாண்டி.

"தின்னேன். ஆனா நான் பாத்தது அது இல்ல."

"நீங்க பாத்தது பாறைக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். லென்ஸ் பத்தல."

வடிவு இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். எதிர்மலையில் எந்தத் தாய் அழுதிருப்பாள் என்று அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு கனத்தது. அந்தக் கணம் போனது. குட்டி அவள் மடியை முட்டியது. "சங்கரபாண்டியண்ணே, காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிற புதர் எனக்குத் தெரியும், காட்டுறேன். சாருக்கு இன்னும் ரெண்டு லென்ஸ் போட்டு விடுங்க" என்றாள்.

அதிலிருந்து சிறுத்தை நித்தம் வரும், பார்க்கும், எதிர்மலைக்குப் போகும். வடிவின் குட்டி ஓடப் பழகியது, துள்ளப் பழகியது. கருமந்திகள் கத்துவதையே மறந்தன. இந்த இடத்தில் கதையை முடித்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்கும் ஆசை.

ஒரு நாள் எதிர்மலையிலிருந்து ஒரு வரையாடு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தது. காது கிழிந்திருந்தது. வடிவின் முன்னால் வந்து நின்றது.

"அக்கா, முன்னெல்லாம் எங்க பக்கம் சிறுத்தை எப்பவாவதுதான் வரும். இப்ப தினம் வருது. ஏன்னு தெரியுமா?"

"தெரியலையேம்மா" என்று சொல்லிவிட்டு வடிவு புல்லைப் பார்த்தாள்.

வரையாடு பாறை மேலிருந்த ஸ்கோப்பைப் பார்த்தது. "இதனாலதான் உங்களுக்குப் பாதுகாப்புன்னு சொல்றாங்க. எங்க மலைக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தர முடியுமா?" என்று சங்கரபாண்டியிடம் கேட்டது.

சங்கரபாண்டி டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டே எழுந்தான்.

"அதுக்கென்ன, இன்னிக்கே வந்து போட்டுத் தர்றேன். பைனாகுலர்ல மிச்சம் பாதி இருக்கு. உங்க மலையிலேர்ந்து யாரு பாத்தாலும் இங்க நிக்கிற மான்குட்டி யானைக்குட்டி கணக்காத் தெரியும்."

வடிவின் வாயில் இருந்த புல் அப்படியே நின்றது. குட்டி அப்போது வெயிலில், எதிர்மலைக்கு நன்றாகத் தெரிகிற மேட்டில், துள்ளிக்கொண்டிருந்தது.

நீதி: சிறுத்தையை நம்பினாலும் நம்பு, லென்ஸ் போடுகிறவனை நம்பாதே, அவனுக்கு எல்லா மலையிலும் கிளை உண்டு.