பத்தடி தள்ளி எடுத்த ஜோடி

என் வீட்டுக்காரர் கலைஞர் ஆவதென்று தீர்மானம் பண்ணியது ஒரு செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை வரை அவர் வெறும் குமாஸ்தா. பெயர் பரமசிவம். மூன்றாவது கண் இல்லாத குறையை ஆபீஸ் போட்டோ கிளப் ஒரு பெட்டி கேமராவைக் கொடுத்துத் தீர்த்து வைத்தது.

போட்டிக்குத் தலைப்பு 'இளம் ஜோடிகள்'. தெருவிலோ பார்க்கிலோ ஜோடியாக இருப்பவர்களை, அவர்களுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளை. ஒரு ரோல், பன்னிரண்டு படம். கொடுக்கிற படத்தைக் கிளப்பே பெரிசாகப் போட்டு, கண்ணாடி மாட்டிச் சுவரில் வைக்கும். கண்காட்சி முடிந்ததும் அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

ஜோடியைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? கல்யாணமாகி மூன்று வருஷத்தில் என் பக்கத்தில் நடந்ததே கிடையாது. இந்தப் பெங்காலி ஊரின் பெஹாலா பஜாருக்குப் போனால் இவர் டிராம் ஸ்டாப்பில் நிற்கும்போது நான் மீன் கடையைத் தாண்டிக்கொண்டிருப்பேன். இவர் பையைத் திருடிக்கொண்டு ஓடுகிறார், பின்னால் நான் துரத்துகிறேன் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு போட்டோ. லீவு கிடைக்காததால் என் மகள் தாராவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை இங்கேயே மொட்டை என்று முடிவாகியிருந்தது. தென்காசியில் அம்மா வீட்டிலிருந்து மூன்று மாதக் குழந்தையாகத் தூக்கி வந்தபோது அவள் தலையில் பேருக்குக்கூட முடி இல்லை. இப்போது சுருள் சுருளாகத் தோளைத் தொடுகிறது. 'முடி இறக்குமுன்னே ஒரு தடவை படத்திலாவது காட்டு' என்று அம்மா எழுதியிருந்தாள்.

"ஏங்க, பன்னெண்டுல ஒண்ணு தாராவ எடுத்துக் குடுங்க."

"ஏட்டி, இது கலைட்டி. கைப்பிள்ளைய எடுக்க ஸ்டூடியோக்காரன் இருக்கான்."

"அப்ப ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"போவோம், போவோம்."

இவர் ரெண்டு தடவை 'போவோம்' என்றால் போகமாட்டோம் என்று அர்த்தம்.

சனிக்கிழமை தனியாக லேக்குக்கு, ஜோடிகள் உட்காரும் ஏரிக்கரைப் பார்க்குக்குப் போனார். போகும்போது சட்டையில் ஆறு பொத்தான். வரும்போது நாலு. கேமராவில் ஒரு படமும் விழவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"ஒரு காட்டுமிராண்டி. காதலிக்கவன் கை இவ்வளவு கனமா இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்று முழுக்க யோசித்தார். மறுநாள் காலையில், "ஏட்டி, நீயும் வா. பட்டுச்சேலை கட்டிக்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் கட்டிக்கொண்டேன். தாராவுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினேன். டிராமில் பக்கத்தில் உட்காருவாரென்று இடம் போட்டு வைத்தேன். ஒரு மீன்கூடைக்காரி வந்து உட்கார்ந்தாள்.

லேக்கில் இறங்கியபிறகுதான் விஷயத்தை அவிழ்த்தார்.

"அந்த பெஞ்சுக்குப் பக்கத்துல நில்லு. உன்னய எடுக்க மாதிரி நிப்பேன். எடுக்கது பெஞ்சுல இருக்கவங்கள. பொண்டாட்டி பிள்ளைய போட்டோ எடுக்கவன எவன் சந்தேகப்படுவான்?"

"அப்ப நான் படத்துல விழமாட்டேனா?"

"விழுந்தா எல்லாம் போச்சு. ஒரு அடி தள்ளியே நில்லு."

பட்டுச்சேலை கட்டிய பூசணிக்காய் நான். திருஷ்டிக்கு.

பெட்டியைப் பற்றியும் பாடம் நடத்தினார். பத்தடிக்கு அப்பால் எது நின்றாலும் தெளிவாக விழும். தொப்பைமேல் வைத்து, மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்ப்பார். சரியாக வந்ததும் நிமிர்ந்து, சந்தேகம் வராமல் இருக்க மரத்துக் காக்காயைப் பார்த்தபடி, "ஒன், டூ, த்ரீ" என்பார். த்ரீயில் அமுக்குவார். தன் புத்திசாலித்தனத்தை இவ்வளவு விவரமாக என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் பத்தடியைக் காலால் அளந்துகொண்டிருந்தபோது பெஞ்சில் குடைக்குள்ளிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். பக்கத்தில் வாட்டசாட்டமாக ஒரு பையன்.

"பௌதி, தாதா எடுக்கறது உங்களையா, எங்களையா?"

பௌதி என்றால் அண்ணி, தாதா என்றால் அண்ணன்; அதற்கு மேல் என் பெங்காலி கத்தரிக்காய் வாங்கும் அளவுக்குத்தான். பொய் சொல்ல அது போதாது.

"உங்களைத்தான். ஆபீஸில மாட்ட."

அவள் முகம் வெளுத்துப்போனது. "எங்க மாமா பார்த்தா என்னைக் காலேஜுக்கே அனுப்பமாட்டாங்க பௌதி."

எனக்கு வேற்று மனுஷரிடம் பேசவே வராது. ஆனாலும் சொன்னேன். "பயப்படாத. அந்தப் பெட்டியில நான்தான் விழுவேன்."

ஒன், டூ. அவர் கண் காக்காய்மேல். நான் ஒரு அடி உள்ளே வைத்தேன். த்ரீ.

"அருமை" என்றார் காக்காயிடம்.

பிறகு மரத்தடி, படிக்கட்டு, பாலம் என்று லேக்கைச் சுற்றினோம். எங்கெங்கே ஜோடியோ அங்கங்கே நான். மூன்றாவதில் தாராவை உயரத் தூக்கினேன். ஐந்தாவதில் ரிப்பனைச் சரிபண்ணினேன். ஏழாவதில் பின்பக்கச் சுருள் தெரிய அவளைத் திருப்பிப் பிடித்தேன். ஸ்டூடியோக்காரன்கூட இத்தனை தினுசு எடுத்திருக்கமாட்டான். இவர் வியர்க்க வியர்க்கப் பதினொன்றை முடித்தார்.

பன்னிரண்டாவதுக்கு இடம் தேடும்போது அந்தப் பெண்ணும் பையனும் குடையை மடக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள்.

"தாதா, இவ்வளவு நேரம் பௌதியையே எடுக்கறீங்களே. நீங்களும் உட்காருங்க, நாங்க எடுக்கறோம்."

"நோ, நோ. நோ டைம்."

"நீங்க எங்களை எடுக்க டைம் இருந்துச்சே" என்றான் பையன், மெதுவாகத்தான்.

இவர் அவன் தோளைப் பார்த்தார். தன் சட்டையில் தைத்திருந்த புதுப் பொத்தான்களைப் பார்த்தார். பெட்டியை நீட்டிவிட்டு, தாராவை மடியில் வைத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தார். பையன் எடுத்தான்.

செவ்வாய்க்கிழமை படங்களைக் கழுவி வாங்கி வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் என் இடுப்புக்குப் பின்னால் குடையின் நுனி. ஒன்றில் யாருடையதோ செருப்பு. மற்றதில் அதுவும் இல்லை.

"ஏட்டி."

"ஒரு அடி தள்ளி நிக்கச் சொன்னீங்க, நின்னேன். எந்தப் பக்கம்னு சொல்லலையே."

மறுநாள் கடைசித் தேதி. கிளப்பில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டு வந்திருக்கிறார். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பன்னெண்டாவதுல ஜோடி இருக்கேங்க."

"அது நாமட்டி."

"நாம ஜோடி இல்லையா?"

போட்டி நோட்டீஸை விரித்துப் பார்த்தார். "இளம்னு போட்டிருக்கான்."

"எனக்கு இருபத்தொண்ணுதான். உங்கள யாரு பாக்கப்போறா?"

கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தாராவுக்கு மொட்டையும் ஆயிற்று.

படத்தைப் பெரிசாக்கி, கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டினார்கள். நடுவர் ஒரு பெரியவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "மிஸ்டர் பரமசிவம், படத்தில் நீங்க இருக்கீங்களே, எடுத்தது யார்?"

இவர் கூரையில் காக்காய் தேடினாராம். அந்தக் கேள்வி எனக்கு அன்றைக்கே தோன்றியதுதான். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அன்று சாயங்காலமே படத்தைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தனுப்பிவிட்டார்கள். நான் பழைய சேலையில் சுற்றி, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினேன்.

பதினைந்தாம் நாள் அம்மாவிடமிருந்து கடுதாசி வந்தது. இவரே பிரித்து உரக்கப் படித்தார்:

'தாரா முடியைப் பார்த்துக் கண் நிறைஞ்சு போச்சு. பெரிய படமா மாட்டியிருக்கோம். பக்கத்துல ஒருத்தர் போலீஸ்ல பிடிச்சு வெச்ச மாதிரி முழிக்காரே, அது யாரு? மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கலாமே.'