யன்னலாரும் தகரக் கூரையும்

மட்டக்களப்பு நகரத்தில் யன்னலார் திறந்துவிடாத யன்னல் ஒன்றுகூடக் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் தன் யன்னலோடு முன் இருக்கை, பின் இருக்கை யன்னல்களையும் திறந்துவிட்டுத்தான் உட்காருவார். மழை வந்தால் மற்றவர்கள் நனைவார்கள். அவர் உள்பக்க இருக்கைக்கு மாறிவிடுவார். மாதா கோயிலில் பிரசங்கத்தின் நடுவே எழுந்து போய்ப் பதினான்கு யன்னல்களையும் திறந்தார். சுவாமியாரின் தாள்கள் பறந்து, பிரசங்கம் பாதியில் முடிந்தது. வாசலில் யன்னலாருக்குக் கைகொடுத்து நன்றி சொன்னவர்கள் நான் அறிய இருபத்திரண்டு பேர். சினிமாக் கொட்டகையில் பகல் காட்சியின்போது மூச்சு முட்டுகிறது என்று பக்கக் கதவைத் திறந்து, வாள் சண்டை போட்டுக்கொண்டிருந்த கதாநாயகனை வெயிலில் கரைத்தவரும் இவரே. இயற்பெயரை யாரும் கேட்டதில்லை. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பழைய கோப்புகளைக் காக்கும் வேலை. அந்தக் கோப்புகளில் பாதி வாவியில் மிதந்ததாகச் சொல்வார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் வாவிக்கரையில் ஒரு மாடிப் போடிங்கில் வாடகைக்கு அறை எடுத்து இருந்தோம். ஒன்பது அறைகள், பதினொரு ஆட்கள், ஒன்பது மின்சாரப் பேன்கள், மேலே சரிவு குறைந்த தகரக் கூரை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்தால் அனல், மூடினால் அவியல். அதனால் ஒன்பது பேன்களும் பகலிரவாகச் சுற்றின. எனக்குச் சளி உடம்பு. பேன் சுற்றினால் தும்மல், நின்றால் வியர்வை. இரண்டுக்கும் பயந்தபடியே இருந்தேன்.

அந்த வருடம் மழை பொய்த்து மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. கரண்ட் கந்தோர் ஒரு திட்டம் போட்டது: தெருவுக்கொரு குழு அமைத்து, கட்டிடங்களின் மின்சாரச் செலவைத் தெருக்காரர்களே குறைக்க வேண்டும். மூன்று மாதத்தில் பாதியாகக் குறைக்காத கட்டிடத்துக்கு இணைப்பு வெட்டப்படும். எங்கள் தெருவில் அதிகம் செலவழித்தது எங்கள் போடிங்தான்.

கட்டிடத்துக்குச் சொந்தக்கார முதலாளிக்கு இதில் பெரிய சந்தோஷம். அவருக்குப் பல ஏக்கர் வயல் உண்டு. போடிங்கை நெல் களஞ்சியமாக்க வெகுநாளாகவே ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"கரண்ட் இல்லாம நீங்க இஞ்ச எப்பிடிகா இருக்கிற? நான் நெல்லு மூட்ட அடுக்கப்போறன். நெல்லு பேன் கேக்காது."

எங்களில் பத்துப் பேருக்குப் போக வேறு இடம் இருந்தது. யன்னலாருக்கு இல்லை. மூலை அறையில் இருபது வருடத்துக்கு மேலாக இருந்தவர். அண்ணன் வீட்டில் முன்பே வாசல் அடைத்துவிட்டார்கள். காற்றுக்குத் தடையென்று தங்கையின் வீட்டு யன்னல் கதவுகளைக் கழற்றி விறகாக்கிய பிறகு அங்கும் இடமில்லை. உலகத்தில் அவரைப் பொறுத்துக்கொண்ட கூரை இந்தத் தகரக் கூரை ஒன்றுதான்.

"வெட்டுவாங்களாமா? அவங்க வெட்ட முன்னம் நானே வெட்டுறன்!" என்றார் யன்னலார். ஏணியில் ஏறி ஒன்பது பேன்களையும் கழற்றித் தன் கட்டிலுக்கடியில் போட்டு அறையைப் பூட்டினார். பிறகு சலூனில் கூடிய தெருக்குழுவுக்குப் போய்த் தலைவர் கதிரையில் உட்கார்ந்தார். யாரும் தெரிவு செய்யவில்லை, எழுப்பவும் முடியவில்லை.

"வீட்டுக்குள்ள சூடு எங்கால வருது? மேலால! தகரத்துக்கு மேல வைக்கோலப் பரப்பி, தண்ணி ஊத்துவம்."

"கச்சானுக்கு வைக்கோல் பறந்து வாவி தாண்டிக் கல்லடிக்குப் போயிரும்" என்றார் சலூன்காரர்.

"அப்ப அதுக்கு மேல குளத்துச் சேற்றப் பூசுவம்."

"பாரம் தாங்காம இடிஞ்சி தலைல விழுந்தா?" என்றேன் நான்.

"விழுந்தாலும் குளிர்ச்சியாத்தானே விழும், தம்பி!"

சித்தாண்டியிலிருந்து மூன்று வண்டி வைக்கோல் வந்தது. ஓரங்களில் தென்னங்குற்றி கட்டி, வைக்கோல் பரப்பி, சேறு பூசினோம். மாலைதோறும் தெருக் கிணற்றிலிருந்து கூரை வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று வாளி மாற்றினார்கள். தையற்கடைக்காரர், சலூன்காரர், அப்பம் சுடும் அக்கா, கலியாணத்துக்கு வெளிக்கிட்டு நின்ற மாப்பிள்ளை ஒருவர்கூட. ஒரு மாலைக்கு நாற்பது வாளி. முப்பதுதான் கூரையில் விழும். மற்றது எங்கள் தலையில். சளி பிடிக்குமென்று நான் வரிசையின் கடைசியில் நின்றேன். கடைசி ஆள்தான் அதிகம் நனைவான் என்று பிறகு தெரிந்தது.

ஆனால் அறைகள் குளிர்ந்தன. நம்பமாட்டீர்கள், மத்தியானத்தில் நான் போர்வை தேடினேன்! பக்கத்துக் கட்டிடங்கள் மூன்றும் வைக்கோலுக்குச் சொல்லிவிட்டன.

மூன்றாம் வாரம் கூரை பச்சையாகத் தெரிந்தது. புல் என்று நினைத்தோம். அப்பம் சுடும் அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது புல்லில்லகா, நெல்லு!" என்றார். வண்டிக்காரர் கொண்டுவந்தது மாடு ஒருதடவை மட்டும் மிதித்த வைக்கோல். உதிராத மணிகள் அதில் ஏராளம். சேறும் கொடுத்து, தினமும் தண்ணீரும் ஊற்றினால் அவை வேறு என்ன செய்யும்? மற்ற மூன்று கட்டிடக்காரர்களும் வைக்கோலை இரண்டாம் தடவை மிதிக்க அனுப்பினார்கள். யன்னலார் மட்டும் அசையவில்லை. "வளரட்டும். நிழல்தானே!"

தவணை முடிந்ததும் கரண்ட் கந்தோர் ஐயா வந்தார். மீற்றரைப் பார்த்தார், தட்டினார், மறுபடி பார்த்தார். செலவு பாதியிலும் குறைவு. ஏதோ கள்ளம் நடந்திருக்கிறது என்று ஒவ்வொரு அறையாகத் தேடினார். யன்னலாரின் மூலை அறையில் களைப்பாறக் கதிரையில் சாய்ந்தவர் இரண்டு மணித்தியாலம் குறட்டை விட்டார். எழுந்து, முகத்தைத் துடைத்து, இணைப்பை வெட்டத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாளி விடவில்லை. அடுத்த நாளே மண்வெட்டிகளோடு நான்கு கூலியாட்களைக் கூட்டிவந்தார்.

"இது என்ர கட்டிடமா, வயல் வட்டையா? வட்டைல போடுற பயிர வட்டைல போடணும்! கூரையெல்லாம் உக்கிப் போகும். ஏறி வழிச்சித் தள்ளுங்கடா! இவரும் சாமானக் கட்டட்டும்!"

யன்னலார் ஏணியடியில் நின்றார். "என்னய இறக்கிற எண்டா முதல்ல அந்தப் பயிர இறக்குங்க. ஏறிப் பாத்திற்று இறக்குங்க."

நால்வரும் ஏறினார்கள். ஏறிய வேகத்தில் இறங்கினார்கள்.

"முதலாளி, பயிர் குடலைல நிக்குது" என்றார் மூத்தவர். கதிர் வெளிவருமுன் வயிற்றில் சுமக்கும் பருவம் அது. "புள்ளத்தாச்சிய ஆரும் வீட்டவிட்டுத் தள்ளுவாங்களா? எங்களால ஏலா."

"கூலி கூடத் தாறன்!"

"கூலிக்குச் செய்யிற வேலையா இது? நீங்களே ஏறிப் புடுங்குங்க."

தெருவே கூடி நின்றது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். "எனக்கென்ன பயமா?" என்று மண்வெட்டியோடு ஏறினார். நான் ஏணிப்படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மேல்படியில் அவர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றிக் கீழே போட்டார். ஒன்று சலூன்காரரின் தோளில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. வெறுங்காலோடு கூரையில் கால் வைத்த முதலாளி, மண்வெட்டியை ஓரமாகச் சாத்திவிட்டு, தோகைகளை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"யன்னலார்!" என்று மேலிருந்து கத்தினார். "இந்த மூலைல தண்ணி காணாது! என்னத்த வேளாம செய்யிறீங்க?"

அதற்குப் பிறகு களஞ்சியம் என்ற பேச்சே எழவில்லை. காலையிலும் மாலையிலும் முதலாளி வந்து ஏறினார். குருவி விரட்டினார். விளைந்ததும் அவரே அரிவாள் கொண்டுவந்தார். நான் எண்ணிப் பார்த்ததில் மூன்று மரக்காலும் சொச்சமும். தெருவின் நடுவில் அடுப்பு மூட்டிப் புது அரிசியில் புக்கை பொங்கினோம். ஆளுக்கு ஒரு கரண்டி. எல்லாருக்கும் போட்டுக்கொடுத்த யன்னலார், அகப்பையை நீட்டியபடியே முதலாளியிடம் கேட்டார்: "அப்ப என்ர அறை?"

"உங்கட அறையா? மாரிக்கு என்ன நெல்லுப் போடுற எண்டு முதல்ல சொல்லுங்க."

யன்னலார் அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பி நின்றார். அடுப்பு அணைந்து கன நேரமாகியிருந்தது.

வழக்கம்போல நான் கூடியிருந்தவர்களை எண்ணினேன். முப்பத்தேழு பேர். சந்தேகத்தில் இன்னொரு தடவை எண்ணினேன், முப்பத்தாறு. முதல் தடவையில் யன்னலாரை இரண்டு முறை எண்ணிவிட்டிருக்கிறேன். அந்த முப்பத்தேழை நான் திருத்தவில்லை.